பிறந்தநாளுக்குக் கேட்ட பாட்டு

பதுளை
12.03.2005

பிச்சமுத்துவுக்கு,

உன் மின்னஞ்சல் முகவரியை ஜௌபரிடம் கேட்டு வாங்கினேன். அப்புத்தளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவரின் மகன். இப்போது கட்டாரில் இருந்துகொண்டு ‘ஊவா நண்பர்கள்’ என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறான். நீயும் அதில் சேர்ந்திருக்கிறாய் என்பது போன வாரம்தான் தெரிந்தது. நூற்றுப் பதினெட்டுப் பேர் அதில் பழைய கதை பேசுகிறார்கள். நான் அதிகம் எழுதுவதில்லை. யாராவது ஆண்டையோ ஊரையோ பிழையாகப் போட்டால் திருத்துவேன். அதற்கே மூன்று பேருக்கு என்மேல் கோபம்.

போன வாரத் தலைப்பு, ‘எனக்குப் பிடித்த பாட்டும் அதன் ஞாபகமும்’. கோத்தகிரியிலிருந்து நீ எழுதியிருந்தாய். பத்துப் பாட்டில் முதலாவதாக ஓடக்காரன் பாட்டைப் போட்டு, ‘1978இல் பூனாகலைத் தோட்டத்தில் இருந்த என் உயிர் நண்பனின் பிறந்தநாளுக்கு இதை ரேடியோவில் விரும்பிக் கேட்டேன்’ என்று முடித்திருந்தாய். பதினாறு பேர் அதைப் புகழ்ந்திருந்தார்கள். ஒருத்தி கண்ணீர் வந்தது என்று எழுதியிருந்தாள்.

அந்த உயிர் நண்பன் நான். நீ கேட்டது ஓடக்காரன் பாட்டு இல்லை.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். 78 மார்ச்சில் உன் குடும்பம் இந்தியா போனபோது பண்டாரவளை ஸ்டேஷனில் வைத்து நாம் இருவரும் ஒன்று பேசிக்கொண்டோம். இந்தியாவிலிருந்து வருகிற கடிதம் எதுவும் தோட்டத்தில் ஒருவருக்கு மட்டும் வருவதில்லை. தபால்காரன் கொண்டுவந்து பெரட்டுக் களத்தில் உடைத்து, விடியற்காலையில் வேலைக்கு வந்து நிற்கிற அத்தனை பேருக்கும் வாசிப்பான். உன் தாத்தாவும் சித்தப்பாவும் இன்னும் லயத்தில் இருந்தார்கள். இந்தியாவில் கஷ்டம் என்றால், அவர்கள் காதில் விழுமே என்று அதை நீ கடிதத்தில் எழுத முடியாது. அதனால் என் பிறந்தநாளுக்கு ரேடியோவில் ஒரு பாட்டுக் கேட்பதாகச் சொன்னாய். சந்தோஷமான பாட்டு என்றால் வரலாம். சோகமான பாட்டு என்றால் வரக்கூடாது. என் அக்கா மாரியாயிக்கும் மச்சானுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தது. போவதா, நாளைக் கடத்துவதா என்று அவர்கள் உன் வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள்.

நவம்பர் 9ஆம் திகதி ரேடியோவில் உன் பெயரைச் சொல்லிப் போட்டது குதிரைவண்டிப் பாட்டு. கைதட்டலும் சலங்கையுமாகப் போகிற பாட்டு. அடுத்த பெப்ரவரியில் அக்கா புறப்பட்டாள். கொடைக்கானல் காட்டில் மரம் வெட்டுகிற கொந்தராத்துக்காரனிடம் அடிமை மாதிரி மாட்டிக்கொண்டார்கள். மச்சான் மரம் விழுந்து செத்தார். 81இல் அக்கா காய்ச்சலில் செத்தாள்.

நீ கூப்பிட்டதால் போனவள் அவள். இப்போது வந்து வராதே என்று சொன்னவன் மாதிரி ஊருக்கு முன்னால் எழுதுகிறாய். அந்தப் பதிவை எடுத்துவிடு.

சி. செல்வரத்தினம்


கோத்தகிரி
16.3.2005

டேய் செல்வம்,

உன் பேரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடல. கண்டபடி திட்டியிருக்கியே, அதுகூட ரெண்டாந்தரம் படிக்கக் கேட்டப்பதான் உறைச்சது. மொதத் தரம் உன் குரல் மட்டும்தான் கேட்டுச்சு. அதே வாத்தியார் குரல். பள்ளிக்கூடத்துல நீ மானிட்டரா இருந்தப்பவே அப்படித்தான் பேசுவ.

எனக்கு டைப் பண்ணத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்க வீட்டுப் பொண்ணு அடிக்குது. அது கம்ப்யூட்டர் சென்டர்ல டைப்பிங் சொல்லிக் குடுக்குது. அந்தப் பத்துப் பாட்டையும் அதுதான் போட்டுவிட்டுச்சு. நான் கொழுந்து லாரி ஓட்டுறேன். சக்கரை வியாதி, ஒரு கண்ணுல புரை. மத்தபடி சுகம். நீ எப்படி இருக்க? கல்யாணம் ஆச்சா? அம்மா அப்பா போயிட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நான் கேட்டது ஓடக்காரன் பாட்டுத்தான். சத்தியமா. மண்டபம் முகாம்ல மூணு மாசம் கெடந்தோம். அப்புறம் ஊட்டி ரோட்டுல கல்லு உடைச்சேன். என் கையை நீ பார்த்திருந்தா அழுதிருப்ப. வராதேன்னு சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்சதுலயே பெரிய சோகப் பாட்டு அதுதான். ஆத்துல போனவன் திரும்பி வரமாட்டான், பொஞ்சாதி கரையில நிக்கிறா. இதைக் கேட்டும் நீ வண்டி ஏத்திவிட்டா உனக்குப் புத்தியில்லைன்னு அர்த்தம்னு நெனைச்சுத்தான் போஸ்ட்கார்டு எழுதினேன்.

என்ன பாட்டுப் போட்டாங்கன்னு நான் கேட்கல. ரேடியோவை மண்டபத்துலயே அரிசிக்கு வித்துட்டோம். போட்டிருப்பாங்க, நீ கேட்டிருப்பன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். மூணு வருசம் கழிச்சு உன் லெட்டர் வந்துச்சு. ‘நீ கூப்பிட்டாய், அவள் செத்தாள், இனி எனக்கு எழுதாதே.’ செவப்பு மையில எழுதியிருந்த. நான் என்னடா நெனைப்பேன்? வராதேன்னு தலையால அடிச்சு சொன்னேன், அதைக் கேக்காம அக்காவை அனுப்பிட்டு இப்ப என்னையே திட்டுறான்னு நெனைச்சேன். எழுதாதேன்ன, எழுதல. இருபத்தி நாலு வருசம் எனக்கும் உன்மேல அதே கோபம்தான்.

பதிவை எடுக்க மாட்டேன். அது பொய்யில்ல.

அன்புடன்
பிச்சமுத்து


பதுளை
27.03.2005

பிச்சமுத்துவுக்கு,

உன் பதில் கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு இன்டர்நெட் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் வாசிக்கிறேன். பக்கத்து நாற்காலியில் பள்ளிக்கூடப் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறார்கள். அவர்களில் இருவர் என் மாணவர்கள். வணக்கம் சேர் என்று சொல்லிவிட்டுச் சுடுகிறார்கள்.

சுகம் கேட்டிருந்தாய். பத்தொன்பது வருடம் ஆசிரியர் வேலை. எனக்குக் கிடைக்க வேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவியை என்னிடம் படித்த ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் தினமும் என்னைக் கூப்பிட்டு, ‘சேர், இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் திருத்தித் தாங்க’ என்கிறான். திருத்திக் கொடுக்கிறேன். மனைவி பண்டாரவளையில் அவளுடைய தங்கையோடு இருக்கிறாள். நான் எதையும் மறப்பதில்லை என்பது அவள் புகார். பிள்ளைகள் இல்லை.

சத்தியம் எல்லாம் செய்திருக்கிறாய். சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீ எழுதிய அட்டையை நான் காணவில்லை. போட்ட பாட்டை நான் என் காதால் கேட்டேன். அன்று வியாழக்கிழமை. அக்காவும் அம்மாவும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். மச்சானின் ரேடியோ ஜன்னல் கட்டையில் இருந்தது. ‘பூனாகலைத் தோட்டத்தில் இன்று இருபத்தோராவது பிறந்தநாளைக் காணும் செல்வரத்தினத்துக்காக, இந்தியாவிலிருந்து பிச்சமுத்து’ என்று என் பெயரையும் உன் பெயரையும் சொன்னார்கள். பிறகு குதிரைவண்டிப் பாட்டு முழுவதும் போனது. என் ஞாபகத்தில் பிழை இருக்காது. இருந்தால் இந்த இருபத்தாறு வருடத்தில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

ஒன்று நீ பொய் சொல்கிறாய். அல்லது உனக்கு வசதியானபடி ஞாபகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாய். பட்டணத்துக் கதைக்காரர்கள் மாதிரி அழகாக எழுதுகிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

ஏப்ரல் பத்தாம் திகதிவரை பார்ப்பேன். அதற்குள் நீ பதிவை எடுக்காவிட்டால் நடந்தது முழுவதையும் நான் அந்தப் பக்கத்தில் எழுதுவேன். அக்காவின் பெயரோடு எழுதுவேன். பதினாறு பேரும் வாசிக்கட்டும்.

செல்வரத்தினம்


கோத்தகிரி
2.4.2005

செல்வம்,

இதை நிதானமாப் படி. கடையை விட்டு எந்திரிச்சுப் போயிடாத.

உன் லெட்டரை எங்க பொண்ணுதான் வாசிச்சுக் காட்டுச்சு. முடிச்சிட்டு, ‘ஏம்பா, ஓடக்காரன் பாட்டை எந்த நிகழ்ச்சிக்குக் கேட்டீங்க?’ன்னுச்சு.

‘பிறந்தநாள் வாழ்த்துக்கு’ன்னேன். ‘அதுலதானம்மா அவன் பேரைச் சொல்லுவாங்க. மத்த நிகழ்ச்சின்னா அவனுக்குன்னு எப்படித் தெரியும்?’

‘பிறந்தநாள் வாழ்த்துக்கா?’

‘ஆமா.’

கீபோர்டை விட்டுக் கையை எடுத்துட்டு அப்படி ஒரு சிரிப்பு. ‘புருசன் ஆத்தோட போற பாட்டைப் பிறந்தநாளுக்கு யாராவது போடுவாங்களாப்பா? காலங்காத்தால சின்னப் பிள்ளைங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும். நீங்க என்ன கேட்டிருந்தாலும் அவங்க சந்தோஷமானதுதான் போட்டிருப்பாங்க. எப்பவும் அப்படித்தான் போடுவாங்க.’

செல்வம், இருபத்தாறு வருசமா இது என் மண்டையில ஏறல. உன் மண்டையிலயும் ஏறல. நான் எட்டாவதோட நின்னவன். நீ படிச்சவன்தானே, உனக்காவது தெரிஞ்சிருக்கக் கூடாதா? ரெண்டு முட்டாளும் ஸ்டேஷன்ல நின்னு திட்டம் போட்டோம் பாரு. பிறந்தநாள் நிகழ்ச்சியில ‘வராதே’ன்னு ஒருத்தன் சொல்லவே முடியாது. அதுல வர்றதெல்லாம் ‘வா’ தான்.

அப்புறம் அந்தப் பொண்ணு சிரிக்கிறதை நிப்பாட்டிருச்சு.

அது யாருன்னு நீ கேட்கவே இல்ல. அதனால நானே சொல்றேன். உன் செவப்பு மை லெட்டர் வந்ததும் எனக்குக் கோபம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். லெட்டர்ல ‘குழந்தையை யாரோ கொண்டுபோய்விட்டார்களாம்’னு ஒரு வரி எழுதியிருந்த. நான் மறுநாளே கொடைக்கானலுக்கு பஸ் ஏறினேன். நாலு நாள் காட்டுக்குள்ள அலைஞ்சேன். நம்ம கொஸ்லந்த பக்கத்துப் பொம்பளை ஒருத்தி ஒரு குடிசையில அஞ்சாறு பிள்ளைங்களோட பிள்ளையா வச்சிருந்தா. முடியெல்லாம் சிக்கு, காலெல்லாம் புண்ணு. ‘உங்கம்மா பேரென்ன’ன்னு கேட்டேன். ‘மாரியாயி, பூனாகல’ன்னுச்சு. தூக்கிட்டு வந்துட்டேன். நானும் என் வீட்டுக்காரி விசாலாட்சியும்தான் வளர்த்தோம். எங்களுக்கும் வேற பிள்ளை இல்ல.

உன் அக்கா மக லீலாதேவி. உன் ரெண்டு லெட்டரையும், அந்தப் பழைய லெட்டரையும் சேர்த்துத்தான் சொல்றேன், படிச்சது அதுதான். இந்த வரியையும் அதுதான் அடிக்குது.

பக்கத்துல எழுதணும்னா எழுது. அக்கா பேரைப் போடுறதுக்கு முன்னால அவ மக கிட்ட ஒரு வார்த்தை கேளு.

பிச்சமுத்து


கோத்தகிரி
8.5.2005

செல்வம்,

அஞ்சு வாரம் ஆச்சு. ஏப்ரல் பத்தும் போயிருச்சு. நீ செத்துட்டியோன்னு பயந்து ஜௌபர் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அங்க நல்லாத்தான் இருக்க. முஹ்ஸினா டீச்சர் ஏதோ பாட்டைப் பத்தி எழுதினா அதுக்குக் கீழ ‘அந்தப் படம் வந்தது 1966இல் அல்ல, 1967இல்’னு திருத்தியிருக்க. அதுக்கு நேரம் இருக்கு. எனக்கு ஒரு வரி எழுத நேரம் இல்ல.

‘நீ பொய் சொல்லல, நான் தப்பா நெனைச்சுட்டேன்’னு எழுதுவன்னு பார்த்தேன். அதை எழுத உனக்குக் கை வராதுன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, அதை விடு. லீலாவுக்கு ரெண்டு வரி எழுதக் கூடாதா? அது கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் நான் பின்னாடி நின்னு பார்க்கிறேன். ஒண்ணும் இல்லைப்பான்னு சொல்லிட்டு மூடிடுது. நேத்து, ‘மாமாவுக்கு நான் இருக்கிறது பிடிக்கலியோ’ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்ல?

யார் மேலயும் தப்பில்லன்னு ஆயிருச்சுடா. அதுக்கு அப்புறமும் உனக்கு என்ன?

பிச்சமுத்து


பதுளை
05.06.2005

அன்புள்ள பிச்சமுத்துவுக்கு,

இதை லீலாதேவிதான் வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். உனக்குத் தனியாகத் தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். உனக்குக் கண்ணில் புரை. அதையும் அவள்தான் வாசிக்க வேண்டியிருக்கும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் மட்டும் சொல்ல வழி இல்லை. அப்படிச் சொல்வது சரியும் இல்லை.

யார் மேலும் தப்பில்லை என்று எழுதியிருந்தாய். அது சரியாக இருந்திருந்தால் நான் ஏப்ரலிலேயே பதில் எழுதியிருப்பேன்.

பிறந்தநாள் நிகழ்ச்சியில் சோகப் பாட்டுப் போடமாட்டார்கள் என்று லீலாதேவி கண்டுபிடித்ததாக எழுதியிருந்தாய். அது எனக்கு 1978 நவம்பர் 9ஆம் திகதி காலையிலேயே தெரியும். உன் பெயரையும் என் பெயரையும் சொன்ன பிறகு அறிவிப்பாளர் இன்னொரு வசனமும் சொன்னார். போன கடிதத்தில் அதை நான் எழுதவில்லை. ‘நண்பர் கேட்டிருக்கும் பாடல் இன்றைய மகிழ்ச்சிக்குப் பொருந்தாது என்பதால், அதற்குப் பதிலாக வேறொரு பாடலைத் தருகிறோம்.’ சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகுதான் குதிரைவண்டிப் பாட்டு.

நீ கேட்டது சோகப் பாட்டு என்பது அப்போதே விளங்கிவிட்டது. வேறு எப்படியும் விளங்க முடியாது.

அந்த லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் அப்பா, அம்மா, அக்கா, மச்சான், பிள்ளை, நான். ஆறு பேர். ஏப்ரலில் எனக்கு உயர்தரப் பரீட்சை. மச்சான் நல்ல மனிதர்தான். ஆனால் வேலை முடிந்து வந்தால் ரேடியோவைப் போடாமல் இருக்க மாட்டார். பிள்ளை என் கொப்பியில் ஏறி உட்கார்ந்து கிறுக்கும். ‘மாமா படிக்கட்டும், நீ வா’ என்று அக்கா தூக்கிக்கொண்டு போவாள். மழையென்றால் போக இடம் இருக்காது. மூவரும் அடுப்படியில் குந்தியிருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் படிக்கவும் முடியவில்லை. அவர்கள் போய்விட்டால் எனக்கு ஒரு மூலை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

மாலையில் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். ‘என்ன தம்பி, பாட்டுப் போட்டாங்களா?’

‘போட்டாங்க.’

‘என்ன பாட்டு?’

‘குதிரைவண்டிப் பாட்டு.’

பொய் இல்லை. அதுதான் போட்டார்கள்.

மச்சான் சிரித்தார். ‘அப்ப கெளம்ப வேண்டியதுதான். படிச்சவரு கேட்டுச் சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்’ என்றார். அக்கா மட்டும் இன்னொரு தரம் கேட்டாள். ‘வேற ஒண்ணும் சொல்லலியா தம்பி?’

‘இல்லை’ என்றேன். அதுதான் பொய்.

அங்கே அவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ கொஞ்சம் கஷ்டப்படுகிறாய், நீ எப்போதும் எதையும் பெரிதாக்கிச் சொல்கிறவன், எல்லாரும் சமாளிப்பது போல அவர்களும் சமாளிப்பார்கள் என்று நினைத்தேன். இது காரணம்தான், மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. பரீட்சையில் சித்தியடைந்தேன். தோட்டத்தில் அந்த வருடம் சித்தியடைந்தவன் நான் ஒருவன்தான்.

அக்கா செத்த செய்தி வந்ததும் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதி முடித்தபோது நான் எழுதியதை நானே நம்பிவிட்டேன். அதிபர் வேலை கிடைக்காதபோதும், மனைவி போனபோதும் கோபப்பட எனக்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் நீ. உன்னை அதிலிருந்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒன்பது வாரம் எழுதவில்லை.

குழந்தையை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் தேடவில்லை. என்னிடம் கடவுச்சீட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் யாருக்கும் ஒரு கடிதம்கூட எழுதிக் கேட்கவில்லை. நீ மறுநாளே பஸ் ஏறியிருக்கிறாய்.

உன் பதிவு இருக்கட்டும். அதில் எழுதியிருப்பது சரி.

செல்வரத்தினம்


கோத்தகிரி
20.6.2005

மாமாவுக்கு,

இது அப்பா சொல்லி எழுதுவது இல்லை. நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒன்றையும் விடவில்லை. அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. அப்புறம் வந்து, ‘அவன் அதை எழுதாமலே இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப் போகுது’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘எழுதினது நல்லதுதான்’ என்றார். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை. அப்பாவால் இப்போது உங்களுக்கு எழுத முடியாது. அவர் எழுதும்போது எழுதுவார். நீங்கள் அவசரப்படுத்தக் கூடாது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு அம்மா முகம் ஞாபகம் இல்லை. கை மட்டும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அம்மா நான்கு இடத்தில் பேசுகிறார். அம்மா பேசி நான் கேட்டது அவ்வளவுதான். அதை நான் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அது இருக்கிறது. எத்தனை நாள் இருக்கும் என்று தெரியவில்லை.

உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைக் கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இங்கே கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை. ஜூலை முதல் தேதியில் முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது அப்பாவுக்கு என் பிறந்த தேதி தெரியாது. தலைமை ஆசிரியர் தேதி தெரியாத பிள்ளைகளுக்கு எல்லாம் ஜூன் ஒன்று என்று போடுவார். எனக்கும் 1976 ஜூன் ஒன்று என்று போட்டார். அதன்படி எனக்கு இருபத்தொன்பது. ஆனால் நான் இலங்கையில் பிறந்தவள் என்பதால், பிறந்த இடத்தைக் காட்டுகிற சான்றிதழ் இருந்தால் நல்லது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். கட்டாயம் இல்லை, இருந்தால் தாயகம் திரும்பியவர்களுக்கான முன்னுரிமை கிடைக்கும். ஜூலை 31க்குள் கொடுக்க வேண்டும்.

என் பிறப்புச் சான்றிதழை எடுத்து அனுப்ப முடியுமா? அம்மா பெயர் மாரியாயி. என்னைப் பெற்ற அப்பாவின் பெயர் உங்களுக்குத் தெரியும்.

லீலாதேவி


பதுளை
15.07.2005

அன்புள்ள மகள் லீலாதேவிக்கு,

உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துவிட்டேன். தோட்டத்து அலுவலகத்தில் 1983க்கு முந்திய புத்தகங்கள் இல்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான பதுளைக் கச்சேரியில் பழைய பதிவேடு இருந்தது. மூன்று நாள் போக வேண்டியிருந்தது. முதல் நாள் 1976ஆம் ஆண்டுப் புத்தகத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் அந்த எழுதுவினைஞர் லீவு. மூன்றாம் நாள் நான் 75ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் கேட்டேன். நீ பிறந்த ஆண்டை நான் மறந்திருக்கவில்லை. மறந்தவன் போல முதல் நாள் இருக்கப் பார்த்தேன்.

நீ பிறந்தது 1975 ஜூன் 18. பூனாகலைத் தோட்டம். தாய் மாரியாயி, தொழில் கொழுந்து பறித்தல். பெயர் லீலாதேவி என்று சரியாகவே பதிந்திருக்கிறார்கள். பெரிய கிளாக்கர் வீட்டில் கேட்டுவந்து அந்தப் பெயரை அக்காவுக்குச் சொன்னவன் நான். தோட்டத்தில் அப்படிப் பெயர் வேறு யாருக்கும் இருக்கவில்லை.

இந்தத் திகதியின்படி ஜூலை முதலாம் திகதி உனக்கு முப்பது வயதும் பதின்மூன்று நாளும். அந்த வேலைக்கு வயது கடந்துவிட்டது.

பத்திரம் கிடைக்கவில்லை, பதிவேடு அழிந்துவிட்டது என்று உனக்கு எழுதிவிடலாமா என்று கச்சேரிப் படியில் உட்கார்ந்து யோசித்தேன். நீ பள்ளிக்கூடத் தேதியை வைத்தே விண்ணப்பித்திருப்பாய். முன்னுரிமை இல்லாவிட்டாலும் வேலை கிடைத்திருக்கலாம். உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் அப்படி யோசித்தேன். ஆனால் நீ ஒன்றைக் கேட்டு, நான் பாதியைச் சொல்லக் கூடாது.

மூலப் பிரதியைப் பதிவுத் தபாலில் நேற்று அனுப்பினேன். பத்து நாளில் வரும். 31ஆம் திகதிக்கு முன் உன் கையில் இருக்கும். அதை அவர்களிடம் காட்டுவதும் பெட்டிக்குள் வைப்பதும் உன் முடிவு. எதைச் செய்தாலும் நான் யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஜௌபரின் பக்கத்தில் எதையும் திருத்தவும் மாட்டேன்.

அக்காவின் படம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. கடவுச்சீட்டுக்காக அப்புத்தளையில் எடுத்தது. நீ மடியில் இருக்கிறாய், அசைந்துவிட்டாய், உன் முகம் தெளிவாக இல்லை. அக்காவின் முகம் தெளிவாக இருக்கிறது. பிரதி எடுக்கக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று பயந்து, அதையே அந்த உறையில் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் புரைக்கு ஆபரேஷன் செய்யச் சொல்.

உன் மாமா
செல்வரத்தினம்